அப்பாவின் 97 மாடல் மாருதி 800, ஷோ கார் ஆக்க ஆசை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

சிறுவாணி97

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஊர் கோயமுத்தூர், சிங்காநல்லூர். வீட்டில் 1997 மாடல் மாருதி 800 ஒன்று நிற்கிறது. அப்பா புதுசாக எடுத்தது. வெள்ளை, கார்புரேட்டர், நாலு கியர், ஏ.சி. கிடையாது. மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர். அம்மா டிரைவிங் பழகியது இதில்தான். தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் என்று ஒரு மாதம் அலைந்ததும் இதில்தான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஓட்டுவதை நிறுத்திவிட்டார். சாவியை என் கையில் கொடுத்து, "வித்துடாதே, மத்தபடி உன் இஷ்டம்" என்றார்.

இதை ஷோவில் நிறுத்துகிற மாதிரி செய்ய வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டவும் வேண்டும், லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிற வண்டியாக ஆகிவிடக் கூடாது. கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. மனதில் இருக்கிற திட்டம்: மேட் ஃபினிஷில் மிலிட்டரி பச்சை, 15 இஞ்ச் அலாய் வீல், ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது, ரேஸ் கார் மாதிரி குழிவான பக்கெட் சீட், காசு மிஞ்சினால் ஒரு லிட்டர் எஞ்சின். முதலில் எதைத் தொடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

புதுப்பேட்டை வாசி

வாழ்த்துகள் தம்பி. என் ஓட்டு வீலுக்குத்தான். வீல் மாறினால் வண்டியே மாறிவிடும், வேலை செய்ய நமக்கும் உற்சாகம் வரும். 800-க்கு நாலு போல்ட், 114.3 பி.சி.டி., அதாவது போல்ட் துளைகள் நிற்கிற வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 100 பி.சி.டி. அலாயை அடாப்டர் போட்டு மாட்டித் தருகிறேன் என்பார்கள், வாங்காதே. நான் வாரத்துக்கு இரண்டு நாள் சென்னைப் புதுப்பேட்டையில், பழைய பார்ட்ஸ் கடைகளில்தான் இருப்பேன். பழைய அலாய், ஒரிஜினல் மீட்டர், டோர் ஹேண்டில், எது வேண்டுமானாலும் தேடித் தருகிறேன். புது அக்சஸரீஸ் என்றால் ஜி.பி. ரோடு.

பெயிண்டர் மகன்

வாசி அண்ணன் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தம்பி, வீலுக்கு ஒரு ரூபாய்கூட இப்போது எடுத்து வைக்காதே. முதலில் எல்லா சீட்டையும் கழற்று, மேட்டை முழுசாகத் தூக்கு, அடியில் இருக்கிற சணல் ஃபெல்ட்டையும் உரி. தரைத் தகரத்தைப் பார்.

எங்கப்பா நாற்பது வருடம் பெயிண்டர். நான் அவர் பட்டறையில் வளர்ந்தவன். 800-இல் துரு பிடிக்கிற இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். டிரைவர் கால் வைக்கிற இடம், பேட்டரி உட்காரும் தட்டு, கதவின் அடி விளிம்பு, பின் வீல் வளைவு, ஸ்டெப்னி குழி, ஜாக்கி வைக்கிற முனை. இந்த ஆறு இடத்தையும் ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகரம் டங்கென்று சத்தம் கொடுக்கும். மக்கின தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். அப்புறம் ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டிப் பார். காந்தம் எங்கே பிடிக்காமல் வழுக்குகிறதோ, அங்கே பெயிண்டுக்கு அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு, கனமாக இருக்கிறது.

ஷோவில் வண்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் கதவைத் திறப்பார்கள். கதவு ஒரே சத்தத்தில் மூடுகிறதா, பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, மேட்டுக்கு அடியில் என்ன என்று பார்ப்பார்கள். அலாய் யாரிடம் காசு இருந்தாலும் வந்துவிடும்.

ஆர்.சி. புத்தகம்

நான் வக்கீல் இல்லை, வண்டிக் காகிதங்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவன். உங்கள் திட்டத்தில் மூன்று இடத்தில் சிக்கல் இருக்கிறது.

மிலிட்டரி பச்சை. மத்திய மோட்டார் வாகன விதி 121 படி ஆலிவ் பச்சை ராணுவத் துறை வண்டிகளுக்கு மட்டும். மேட், கிளாஸ் எதுவானாலும் அந்த நிறம் நமக்கு இல்லை.

எஞ்சின் மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொரு" என்கிற சொல்லைக் கவனியுங்கள்.

கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிம் நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்குத் தடை போட்டது.

நிறத்தை மாற்றலாம். ஆனால் ஆர்.சி.யில் வெள்ளை என்று இருப்பதை மாற்றிப் பதிய வேண்டும், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். உங்கள் வண்டி 97 மாடல். 15 வருடம் 2012-இல் முடிந்து, ஐந்து ஐந்து வருடமாக நீட்டித்து வந்திருப்பீர்கள். அடுத்தது 2027. அன்று ஆய்வாளர் முன்னால் வண்டி நிற்கத்தான் போகிறது. அதை இப்போதே மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள்.

சிறுவாணி97

பெயிண்டர் மகன் அண்ணா சொன்னபடி நேற்று மேட்டைத் தூக்கினேன். எழுதவே கை வரவில்லை.

ஃபெல்ட் ஈரமாக இருந்தது. மழை பெய்து இரண்டு வாரம் ஆகிறது, வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை, அப்படியும் பிழிந்தால் தண்ணீர் வந்தது. அதை உரித்தால் கீழே தார் பூசிய ஒரு தகரத் துண்டு, ஓரம் முழுக்க ரிவெட். கத்தியால் நெம்பினேன். அடியில் கிளட்ச் பெடலுக்கு நேர் கீழே என் உள்ளங்கை நுழைகிற ஓட்டை, அதன் வழியாக ஷெட் தரை தெரிகிறது. ஓட்டையைச் சுற்றித் தகரம் பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிகிறது. 2014-இல் ஒரு பட்டறையில் தரை முழுக்கப் புதுசாக மாற்றியாச்சு என்று சொல்லி அப்பாவிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். பில்லை இன்னும் டேஷ்போர்டு டிராயரில் வைத்திருக்கிறார். அந்தத் தகரத்தின் மேல் கால் வைத்துத்தான் பத்து வருடம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.

பெயிண்டர் மகன்

தம்பி, மனசு விடாதே. ஓட்டை தெரிந்துவிட்டது, அது நல்லது.

ஆனால் ஓட்டையை அடைப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி. இல்லாவிட்டால் புதுத் தகரமும் ஐந்து வருடத்தில் போய்விடும். ஒருவரை உள்ளே உட்கார வைத்து, டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். நீ வெளியே ஹோஸ் பைப்பை மெதுவாகத் திறந்து, முன் கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக நனை. பீய்ச்சாதே, வழிய விடு. பெரும்பாலும் முன் கண்ணாடி ரப்பர் பீடிங் காய்ந்து சுருங்கியிருக்கும். இல்லை என்றால் வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகிற பெட்டியில் இலை, சருகு சேர்ந்து தண்ணீர் வடிகிற துளை அடைத்திருக்கும். ஷெட் பக்கத்தில் மரம் இருக்கிறதா?

சிறுவாணி97

வேப்ப மரம் இருக்குதுங்ணா. அந்தப் பெட்டியில் கை விட்டால் ஒரு முறம் அளவுக்கு வேப்பஞ்சருகு மக்கி மண்ணாகக் கிடந்தது. அதை அள்ளிவிட்டுத் தண்ணீர் விட்டோம், துளை வழியாகக் கீழே போகிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

பெயிண்டர் மகன்

அவ்வளவுதான். அந்தச் சருகுதான் உன் தரையைத் தின்றது.

இப்போது டிங்கர் வேலை, அதாவது தகர வேலை. மக்கின பகுதியோடு சேர்த்து இரண்டு விரல் அகலத்துக்கு நல்ல தகரத்தையும் வெட்டி எடுக்கச் சொல். மக்கினதின் மேல் வெல்டிங் நிற்காது. புதுத் துண்டு 0.9 மில்லிமீட்டர் சி.ஆர். ஷீட், அதாவது சூடேற்றாமல் உருட்டின இரும்புத் தகரம். பழைய தரையில் இருக்கிற வரிப்பள்ளங்களை அதிலும் அடித்து எடுக்க வேண்டும். அந்த வரிகள்தான் தரைக்குப் பலம், மொட்டைத் தகரம் வைத்தால் காலுக்கடியில் டப்டப்பென்று அதிரும். கியாஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகரம் நெளிந்துவிடும். சி.ஓ.டூ வெல்டிங்கில் ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு எதிர் மூலையில் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்டிங் பக்கம் யாரையும் விடாதே. முடிந்ததும் எபாக்ஸி பிரைமர், இணைப்பில் சீலர், கீழ்ப்பக்கம் அண்டர்கோட். இந்த வரிசை மாறக் கூடாது.

டிங்கர் வேலை செய்யும்போது பக்கத்தில் இரு. நீ குறை கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தாலே போதும். நல்ல டிங்கர் கையில் சுத்தியலும் அடிக்கட்டையும் எப்படிப் பேசுகிறது என்று ஒரு தடவை பார்த்தவன் பட்டியை நம்ப மாட்டான்.

நீலகிரி மெக்கானிக்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். ஸ்பிரிங் வெட்டுவது பற்றி யாருமே பேசவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வெட்டாதீர்கள். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் அது குட்டையாவதோடு விறைப்பாகவும் ஆகும். ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்கு என்று செய்தது, அது புது ஸ்பிரிங்கை அடக்க முடியாமல் திணறும். இன்னொரு ஆபத்து, வீல் முழுசாகக் கீழே தொங்கும்போது வெட்டின ஸ்பிரிங் தன் கிண்ணத்தில் உட்காராமல் தளர்ந்துவிடும். கல்லட்டி இறக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்து, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்த வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். நல்ல வேளை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் டயர் 145/70 ஆர்12 என்றால் அதன் மொத்த விட்டம் கிட்டத்தட்ட 508 மில்லிமீட்டர், பக்கச் சுவர் 101. 15 இஞ்ச் ரிம் போட்டு அதே விட்டம் வர வேண்டும் என்றால் பக்கச் சுவருக்கு மிஞ்சுவது 63 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பள்ளத்தில் ரிம் வளையும். 13 இஞ்ச் ரிம்மில் 145/70 போட்டால் விட்டம் 533, அதாவது 5 சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 84-இல் போவீர்கள், ஏற்றத்தில் இழுவையும் கொஞ்சம் குறையும். ஓட்டுகிற வண்டிக்கு நான் 12-ஐ விட்டு நகரவே மாட்டேன்.

புதுப்பேட்டை வாசி

மெக்கானிக் சார், ஸ்பிரிங் விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். ஆனால் 12 இஞ்ச் இரும்பு வீலோடு ஷோவில் நிறுத்தினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

நீலகிரி மெக்கானிக்

நான் பார்ப்பேன் சார். அந்த இரும்பு வீலை மணல் அடித்துச் சுத்தம் செய்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, ஒரிஜினல் வீல் கப் நாலும் கீறல் இல்லாமல் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். 1983 டிசம்பரில் முதல் 800 வந்தது, 2014 ஜனவரியில் கடைசி வண்டி. முப்பது வருடம் தெருவெல்லாம் இருந்த காரில் முழு ஒரிஜினலாக இருக்கிற ஒன்றைப் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது?

யாழ் மைனர்

நான் யாழ்ப்பாணம். இந்த இழையை முதலில இருந்து வாசிச்சுக்கொண்டு வாறன். எங்கட வீட்டில ஒரு மொறிஸ் மைனர் கார் நிக்குது, அப்பப்பா வாங்கினது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்த காலம் பெற்றோல் கிடையாது. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடினது. அந்தப் புகை மணம் இப்பவும் மூக்கில நிக்குது.

இரண்டு வருசத்துக்கு முதல் நானும் அதைப் புதுசாக்க வெளிக்கிட்டனான். டாஷ்போட்டில அப்பப்பா ஆணியால கீறின ஒரு கணக்கு இருக்கு, எத்தினை போத்தல் எண்ணெய் என்று. பெயின்ற் அடிக்கிறவர் அதையும் நிரப்பி மினுக்கப் பார்த்தார். நான் விடேல்லை. மற்ற எல்லாம் புதுசு, அந்தத் துண்டு மட்டும் அப்படியே இருக்கு. தம்பி, உங்கட காரிலயும் அப்படி ஏதாவது இருக்கும். வேலை துடங்க முதல் ஒருக்கால் சுத்திப் பார்த்து எழுதி வையுங்கோ. பெயின்ற் அடிச்சாப் பிறகு தேடிப் பலனில்லை.

சிறுவாணி97

யாழ் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். டிரைவர் கதவின் உள் கைப்பிடியில் அம்மாவின் வளையல் உரசி உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. பிளாஸ்டிக்கில் வழவழப்பாக, நகம் நிற்கிற ஆழத்துக்கு. இருபது வருடமாக அந்தக் கதவைத் திறக்கிறேன், பார்த்ததே இல்லை. அது இருக்கட்டும்.

அப்பாவிடம் தரையைக் காட்டினேன். குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை டிங்கர் பட்டறைக்கு என்னோடு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாலு நாளும் வந்தார்.

எஞ்சின் விஷயத்தில்தான் இன்னும் குழப்பம். ஆர்.சி. புத்தகம் அண்ணன் சொன்னது புரிகிறது. ஆனாலும் 800 எஞ்சினை ஷோவில் பானெட் திறந்து காட்ட என்ன இருக்கிறது?

செட்டிபாளையம்

கோயமுத்தூர்க்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா தம்பி!

நம் ஊர் கரிவரதன் ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் செய்தார். பெயரிலேயே இருக்கிறது, உள்ளே போனது மாருதி 800-இன் எஞ்சின்தான். நரேன் கார்த்திகேயன் பந்தயம் ஓட்ட ஆரம்பித்தது அதில். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டினாரே, அவர் ஏறிய முதல் படி உங்கள் பானெட்டுக்கு அடியில் இருக்கிற 796 சி.சி., மூன்று சிலிண்டர். கரிவரதன் 1995-இல் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் இருக்கிற கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். எத்தனையோ பேர் கடந்து போகிறார்கள், பெயர்க் காரணம் தெரியாது.

அந்த எஞ்சினை வெளியே எடுங்கள். கம்ப்ரெஷன் பாருங்கள், தேவைப்பட்டால் ரீபோர் (சிலிண்டரை உள்ளே கடைவது), ரிங், வால்வ் சீட்டிங். டைமிங் பெல்ட் கண்டிப்பாகப் புதுசு. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமம் பார்க்க வேண்டும், சூடேறின வண்டியில் ஹெட் வளைந்திருக்கும். எஞ்சின் நம்பர் இருக்கிற இடத்தை மட்டும் யாரும் கிரைண்டரால் தொடக் கூடாது. பிறகு எஞ்சின் அறையைச் சுத்தமாகப் பெயிண்ட் அடித்து, வயரிங்கைப் புதுசாக உறை போட்டு, கிளிப்புகளை எல்லாம் அந்தந்த இடத்தில் மாட்டுங்கள். பானெட்டைத் திறக்கிறபோது ஒரு வயர்கூடத் தொங்காமல் இருந்தால் அதுவே காட்சி.

ஆர்.சி. புத்தகம்

ஆமோதிக்கிறேன். அதே எஞ்சின், அதே நம்பர், 2027-க்கும் தலைவலி இல்லை.

சிறுவாணி97

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், பட்டறையே வீடாகிவிட்டது.

தரை முடிந்தது. எஞ்சின் ரீபோர் முடிந்து உள்ளே உட்கார்ந்துவிட்டது. சீட் பழைய சீட்டேதான், ஸ்பாஞ்சும் துணியும் புதுசு, உக்கடத்தில் ஒரு குஷன் கடையில் பழைய தையல் கோட்டைப் பார்த்து அப்படியே தைத்துக் கொடுத்தார்கள். பக்கெட் சீட்டை விட்டுவிட்டேன். அப்பாவால் அதில் ஏறி இறங்க முடியாது. 12 இஞ்ச் வீல், பவுடர் கோட்டிங். கப் மூன்று கிடைத்துவிட்டது.

நிறம் கருநீலம். இதைத்தான் கேட்க வந்தேன். பிரைமர் அடித்து வண்டி சாம்பல் நிறத்தில் நிற்கிறது, கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிகிறது. பெயிண்டர் இன்னும் பத்து நாள் வேண்டும் என்கிறார். நியாயமா?

பெயிண்டர் மகன்

நியாயம் தம்பி. கருநீலம் என்று முடிவு செய்துவிட்டால் பத்து நாள் கொடுத்தே ஆக வேண்டும். வெள்ளை அடித்தால் சின்ன அலை எல்லாம் மறைந்துவிடும். கறுப்பு, கருநீலம் இரண்டும் கண்ணாடி மாதிரி. பக்கத்தில் நிற்கிற மின்கம்பம் கதவில் நெளிந்து தெரியும்.

அவர் என்ன செய்வார் என்று சொல்கிறேன், நேரில் நின்று பார். சாம்பல் பிரைமர் மேல் கறுப்புப் பெயிண்டைத் தூற்றல் மாதிரி மெல்லிசாகத் தூவுவார். காய்ந்ததும் ஒரு முழ நீளக் கட்டையில் எமரி சுற்றி, குறுக்காகவும் சாய்வாகவும் தேய்ப்பார். வெறும் கையால் தேய்த்தால் விரல் போகிற வழியில் பள்ளம் விழும், அதனால்தான் கட்டை. தேய்க்கத் தேய்க்க மேட்டில் இருக்கிற கறுப்பு முதலில் போகும், பள்ளத்தில் இருக்கிற கறுப்பு அப்படியே நிற்கும். எங்கே கறுப்புப் புள்ளி நிற்கிறதோ அங்கே மெல்லிசாகப் பட்டி, மறுபடி பிரைமர், மறுபடி தூவல், மறுபடி கட்டை. கறுப்பு ஒரே சீராகப் போகிறவரை. எங்கப்பா கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, பானெட்டிலிருந்து டிக்கிவரை ஒரே இழுப்பில் தடவிக்கொண்டு போவார். கை நிற்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். எங்களுக்கு அந்த வட்டத்தில் ஒன்றுமே தெரியாது. கட்டை வைத்துத் தேய்த்தால் அங்கே பள்ளம் இருக்கும்.

ஒன்று கவனம்: பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். தண்ணீர் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும், ஆறு மாதத்தில் மேலே கொப்புளம் வரும். தண்ணீர் எமரி எல்லாம் பிரைமருக்கு மேலே. கடைசி கிளியர் கோட் நன்றாகக் காய்ந்த பிறகு 1500, 2000 எமரி, அப்புறம் பாலிஷ். அதுவரை வெயிலில் கவர் போட்டு மூடி வைக்காதே.

ஆர்.சி. புத்தகம்

பெயிண்ட் முடிந்ததும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்துவிடுங்கள். பெயிண்ட் வாங்கின பில், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

சிறுவாணி97

ஆர்.சி.யில் நீலம் என்று ஏறிவிட்டதுங்க. ஆய்வாளர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, தன் மாமா வீட்டில் இதே மாடல் இருந்தது என்று சொல்லி, டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

மொத்தச் செலவு 2,71,000. டிங்கர் வேலையும் பெயிண்டும் சேர்ந்தே பாதிக்கு மேல். ஆரம்பத்தில் வீல் வாங்கியிருந்தால் பாதியில் நின்றிருப்பேன்.

நேற்றுக் காலை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து பேரூர் போய் வந்தோம். மூன்றாவது கியரிலிருந்து நாலுக்கு மாற்றும்போதெல்லாம் அவர் இடது கால் தானாகக் கீழே அழுத்துகிறது. தரை அதிரவில்லை.

மிச்சம் இரண்டு வேலை. நாலாவது வீல் கப், இடது பக்கப் பின் கண்ணாடி ரப்பர் பீடிங். பீடிங் இங்கே கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட், மூலையில் மடங்குகிறது. ஷோவுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.

புதுப்பேட்டை வாசி

கப் கையில் வைத்திருக்கிறேன், கீறல் இல்லை. பீடிங் ஒரு கடைக்காரர் வெள்ளிக்கிழமை எடுத்துத் தருகிறேன் என்கிறார், பழைய ஒரிஜினல் ஸ்டாக். பீடிங்கின் நீளத்தை நூல் வைத்து அளந்து எழுது. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறேன்.

சிறுவாணி97

அளந்துகொண்டிருக்கிறேன்ங்ணா. நூலின் மறுமுனையை அப்பா பிடித்திருக்கிறார். பத்து நிமிடம்.